லூர் மேல் போட்ட எபாக்சியில் பள்ளம், வெண்படலம், பிசுபிசுப்பு: மூன்றும் சேர்ந்து வந்தால் எங்கிருந்து தேடுவது?

#1 முகத்துவாரம் (சென்னை)

வணக்கம். இரண்டு வருடமாக வீட்டில் மர லூர் (தூண்டிலில் மாட்டுகிற செயற்கை மீன்) செய்கிறேன். விற்பனைக்கு இல்லை. நானும் இரண்டு நண்பர்களும் பழவேற்காடு, முட்டுக்காடு பக்கம் கொடுவா மீனுக்குப் போவோம், அதற்குத்தான். பேக்கிங் பெட்டியில் வரும் பைன் மரம், 11 செ.மீ. நீளம், நடுவில் ஸ்டீல் கம்பி ஓடும். ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக் அடித்து, மேலே 2:1 எபாக்சி, அதாவது ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு கலந்தால் இறுகுகிற பளபளப்புப் பூச்சு.

கோடையில் செய்தவை எல்லாம் கண்ணாடி மாதிரி வந்தன. இந்த நவம்பரில் செய்த பன்னிரண்டும் நாசம். முதுகில் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள், அடியில் பெயின்ட் தெரிகிறது. காலையில் பார்த்தால் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது, தொட்டால் மெழுகு மாதிரி வழுக்கல். இதில்லாமல் மூன்று லூரின் வயிறு நான்கு நாளாகியும் கையில் ஒட்டுகிறது.

புதுப் புட்டி வாங்கியும் பார்த்துவிட்டேன், அதே கதை. போலிச் சரக்கு விற்கிறார்களோ என்று சந்தேகம்.

#2 விரால்வேட்டை

ரெசின்தான் சகோ. வேறு கம்பெனி மாற்றுங்கள், சரியாகிவிடும்.

#3 தச்சுப்பட்டறை (தூத்துக்குடி)

இரண்டு புட்டியிலும் ஒரே கோளாறு என்றால் புட்டியைத் திட்டிப் பயனில்லை. தம்பி, உங்களுக்கு வந்திருப்பது மூன்று தனித்தனி நோய். ஒரே நேரத்தில் வந்ததால் ஒன்றாகத் தெரிகிறது. பள்ளம் என்பது பரப்பில் இருக்கும் அழுக்கு. வெண்படலம் காற்றின் ஈரம். பிசுபிசுப்பு கலவையில் நடந்த தப்பு. மூன்றுக்கும் சேர்த்து ஒரு மருந்து தேடினால் கிடைக்காது.

கொஞ்சம் விவரம் சொல்லுங்கள். 2:1 என்பதை எடையில் அளக்கிறீர்களா, கொள்ளளவிலா? எந்த இடத்தில் வைத்துப் பூசுகிறீர்கள், எத்தனை மணிக்கு? ரெசின் எங்கே இருக்கும்? பூசுவதற்கு முன் லூரை எதால் துடைக்கிறீர்கள்? எபாக்சி ஒரு பக்கம் வழியாமல் லூரைச் சுற்றவிடும் மோட்டார் உண்டா?

#4 முகத்துவாரம்

நன்றி அண்ணா. சமையலறைத் தராசில் 8 கிராம் ரெசின், 4 கிராம் ஹார்டனர். ரெசின், பெயின்ட் அடித்த லூர் எல்லாம் படுக்கையறை அலமாரியில். அங்கே ராத்திரி ஏசி 24-இல் ஓடும். ரெசின் நாற்றத்துக்கு வீட்டில் திட்டு விழுவதால் பூசுவது மட்டும் பால்கனியில், பத்து மணிக்கு மேல். எதாலும் துடைப்பதில்லை, தூசி இருந்தால் உள்ளங்கையால் தட்டிவிடுவேன். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு சுற்றும் மோட்டாரில் சக்கரம் செய்து வைத்திருக்கிறேன், நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று.

#5 கோவை ரெசின்

நான் மீன்காரி இல்லை, கோஸ்டர், தட்டு, சாவிக்கொத்து செய்கிறவள். ஆனால் எபாக்சி எல்லோருக்கும் ஒரே எபாக்சிதான் என்பதால் உள்ளே வருகிறேன்.

முதலில் புட்டியின் முதுகில் சின்ன எழுத்தைப் படியுங்கள் தம்பி. 2:1 எடையா, கொள்ளளவா? பல புட்டிகளில் அது கொள்ளளவு. ரெசின் கனம், ஹார்டனர் லேசு. தோராயமாக ரெசின் மில்லிக்கு 1.15 கிராம், ஹார்டனர் 0.97 கிராம் என்று வைத்துக்கொண்டால், 100 மில்லிக்கு 50 மில்லி என்பது எடையில் 115-க்கு 48.5. அதாவது 100 கிராமுக்கு 42 கிராம் ஹார்டனர் போதும். நீங்கள் 50 போடுகிறீர்கள், ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பெவிகால் புத்தி. எபாக்சியில் இரண்டும் கணக்காகக் கைகோத்தால்தான் இறுகும், மிச்சம் நிற்கிற ஹார்டனர் உள்ளேயே மென்மையாகக் கிடக்கும், வெளியே வந்து ஈரத்தோடு சேர்ந்து பூக்கவும் செய்யும்.

அடுத்தது, சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். 4 என்று காட்டும்போது உண்மையில் 3.5 இருக்கலாம், 4.5-ம் இருக்கலாம். ரவைக்கு அது போதும், இதற்குப் போதாது. நகை நிறுக்கிற பாக்கெட் தராசு வாங்குங்கள், அல்லது ஊசி இல்லாத சிரிஞ்ச் இரண்டு. ரெசினுக்கு ஒன்று, ஹார்டனருக்கு ஒன்று, மாறிவிடாதபடி மேலே எழுதி வையுங்கள்.

இப்போது அந்த மூன்று லூர். விகிதம் மட்டும் தப்பு என்றால் பன்னிரண்டும் ஒரே மாதிரி மெத்தென்று இருக்கும், நகத்தால் அழுத்தினால் தடம் விழும். மூன்று மட்டும் ஒட்டுகிறது என்றால், கடைசி மூன்றுக்குக் கப்பின் ஓரத்தை வழித்துப் பூசியிருக்கிறீர்கள். சரிதானே?

#6 முகத்துவாரம்

அக்கா, நேரில் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். கடைசி மூன்றுக்குப் போதாமல் ஐஸ் குச்சியால் வழித்துத்தான் பூசினேன். புட்டியில் கொள்ளளவு என்றுதான் போட்டிருக்கிறது. மற்ற ஒன்பதிலும் நகத் தடம் லேசாக விழுகிறது.

#7 கோவை ரெசின்

கப்பின் சுவரிலும் அடி மூலையிலும் குச்சி போகாது, அங்கே கலக்காத ரெசின் ஒட்டியிருக்கும். மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள், முட்டை அடிக்கிற வேகம் வேண்டாம். பிறகு இன்னொரு சுத்தமான கப்புக்கு மாற்றி அங்கேயும் ஒரு நிமிடம். முதல் கப்பை வழிக்கக் கூடாது. இரண்டு கிராம் வீணாகப் போகட்டும், லூரை விடவா?

#8 தச்சுப்பட்டறை

அக்கா சொன்னதோடு ஒன்று. கலந்ததை ஆழமான கப்பில் வைத்துக்கொண்டு பூசாதீர்கள். குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே வெந்து கெட்டியாகிவிடும். பத்து டிகிரி ஏறினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. தூத்துக்குடி மே மாதத்தில் நாற்பது நிமிட ரெசின் எனக்குப் பதினைந்து நிமிடத்தில் ஜெல்லியானதுண்டு. தட்டையான அலுமினியத் தாளில் ஊற்றி அதிலிருந்து தொட்டுப் பூசுங்கள்.

இனி பள்ளத்துக்கு வருவோம். இதற்கு உலகம் முழுக்க மீன்கண் என்றுதான் பெயர். மீன் பிடிக்கிற நாம் இந்த ஒரு மீன்கண்ணுக்கு மட்டும் பயப்படுகிறோம். எண்ணெய்ப் பசை, மெழுகு, சிலிகான் எதுவானாலும் அந்த இடத்தில் எபாக்சி பரவாமல் விலகி ஓடும். உங்களுக்கு முதுகில் மட்டும்தான் வருகிறது. லூரைப் பிடிக்கும்போது விரல் எங்கே படுகிறது? தலைக்கு எண்ணெய் வைக்கிற ஆளா நீங்கள்?

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. பெயின்ட் நன்றாகக் காய்ந்த லூரைக் குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை நனைத்துத் தூக்குங்கள். தண்ணீர் முழுக்க ஒரே படலமாக நின்றால் பரப்பு சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடினால் எண்ணெய். எங்கே உருள்கிறதோ அங்கேதான் மீன்கண் வரும்.

#9 முகத்துவாரம்

தேங்காய் எண்ணெய்தான் அண்ணா, சின்ன வயதுப் பழக்கம். பூசாமல் வைத்திருந்த ஆறு லூரை நனைத்துப் பார்த்தேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் படுகிற இடத்தில் கச்சிதமாகத் தண்ணீர் உருள்கிறது. கைரேகை எடுத்த மாதிரி. வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, கையுறை போட்டு இரண்டு மட்டும் இன்று பூசுகிறேன்.

#10 முகத்துவாரம்

மறுபடியும் வந்துவிட்டது! குறைந்திருக்கிறது, ஆனால் இப்போது முதுகு என்று இல்லை, அங்கங்கே சிதறி இருக்கிறது. தண்ணீர்ச் சோதனையில் தேறிய லூர்கள் அவை.

#11 சிங்கைத் தூண்டில் (சிங்கப்பூர்)

சிதறி இருந்தால் கை இல்லை, காற்றில் வந்து விழுந்தது. பக்கத்தில் சமையலறை ஜன்னல் உண்டா? தாளிப்புப் புகை பட்டாலே போதும். கார் டேஷ்போர்டு பாலிஷ், சிலிகான் ஸ்ப்ரே, கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய், இதில் ஏதாவது அந்தப் பக்கம் அடித்தீர்களா?

#12 முகத்துவாரம்

அண்ணா... சக்கரம் கீச்கீச் என்று சத்தம் போட்டது. அக்டோபர் கடைசியில் சிலிகான் ஸ்ப்ரே அடித்தேன். அது பூசுகிற மேஜைக்கு மேலேயே மாட்டியிருக்கிறது.

#13 தச்சுப்பட்டறை

கிடைத்தது திருடன். எண்ணெயாவது சோப்புக்கு மசியும், சிலிகான் லேசில் போகாது. சக்கரத்தைக் கழற்றி மினரல் டர்பன்டைனில் துடையுங்கள், ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துணி. பழைய துணியில் துடைத்தால் இடம் மாற்றி வைத்த கணக்குத்தான். மேஜை மேல் விரித்திருக்கிற காகிதத்தைத் தூக்கிப் போடுங்கள். அந்தத் தூரிகையையும் போட்டுவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் போடுங்கள். கீச்சென்ற சத்தத்துக்குப் பென்சில் முனைக் கரியைப் பொடி செய்து போட்டால் போதும்.

கெட்டுப்போனவற்றை உப்புத்தாள் போடும் முன் டர்பன்டைனில் துடைக்க மறக்காதீர்கள். துடைக்காமல் தேய்த்தால் பசையைப் பள்ளத்துக்குள்ளேயே அரைத்து இறக்கிவிடுவீர்கள். எபாக்சி இல்லாத வெறும் பெயின்டின் மேல் ஆல்கஹால் வேண்டாம், அக்ரிலிக் இளகி நிறம் கையோடு வரும்.

#14 சிங்கைத் தூண்டில்

வெண்படலத்தை யாரும் தொடவில்லை. எங்கள் ஊரில் வருடம் முழுக்க உங்கள் நவம்பர்தான், அதனால் இது எனக்குப் பழகிய எதிரி.

ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து ஒரு உப்பாக மேலே படியும். அதுதான் அந்த மெழுகு வழுக்கல். தின்னர் போட்டால் போகாது, தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, பழைய ஸ்பாஞ்ச். கழுவிய பிறகும் உள்ளே பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தால், ஈரம் இறுகுவதற்கு முன்பே உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது உங்கள் ஏசி அறை. லூரும் ரெசினும் 24 டிகிரியில் இருந்து பால்கனிக்கு வருகின்றன. வெளியே 29 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மேலும் பனி படியும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்க்கிற மாதிரி உங்கள் லூரும் வேர்க்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். அந்த வேர்வை மேல் பூசுகிறீர்கள். கோடையில் சரியாக வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அப்போது பகலிலா பூசினீர்கள்?

#15 முகத்துவாரம்

ஆமாம்! ஏப்ரல், மே மாதத்தில் மதியம், மொட்டை மாடி அறையில். அங்கே ஏசி கிடையாது. பொருளெல்லாம் அங்கேயே இருந்தது. மழைக்குப் பயந்து பால்கனிக்கு மாறினேன்.

அப்படியானால் ஏசி அறைக்குள்ளேயே பூசிவிடட்டுமா?

#16 சிங்கைத் தூண்டில்

ஏசி காற்றில் ஈரம் குறையும், அது நல்லது. ஆனால் படுக்கிற அறையில் வேண்டாம். ஜன்னல் திறக்கிற ஒரு சின்ன அறையைப் பாருங்கள். முக்கியம், லூர், ரெசின், காற்று மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். நான் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து உள்ளே 40 வாட் குண்டு பல்பு எரியவிடுவேன். பெட்டிக்குள் வெளியைவிட நாலைந்து டிகிரி சூடு ஏறும், ஈரப்பதம் தானாக இறங்கும், தூசியும் விழாது. பல்பு பிளாஸ்டிக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#17 விரால்வேட்டை

அண்ணன்மார்களே, என் முதல் பதிலை மறந்துவிடுங்கள் 😅. எனக்கும் ஒரு கேள்வி. குமிழி வந்தால் லைட்டரைக் காட்டலாமா? ஊதச் சொல்கிறார்கள் சிலர். அசிட்டோன் கொஞ்சம் கலந்தால் நீர்த்து, குமிழி வராது என்றும் ஒரு வீடியோவில் பார்த்தேன்.

#18 கோவை ரெசின்

ஊதாதீர்கள், மூச்சில் ஈரமும் எச்சிலும் போகும். சூடு பட்டால் ரெசின் இளகி, குமிழி மேலே வந்து உடையும், அவ்வளவுதான் சூத்திரம். சின்னச் சுடரை ஒரு நொடி, நிற்காமல் நகர்த்திக்கொண்டே காட்டலாம். லைட்டர் கரி பிடிக்கும், ஸ்பிரிட் விளக்கு நல்லது. அசிட்டோன் பக்கத்தில் இருக்கும்போது நெருப்பு வேண்டவே வேண்டாம்.

அசிட்டோன் கலப்பதை நான் ஏற்கமாட்டேன். மேல் தோல் முதலில் இறுகி, அசிட்டோன் உள்ளே மாட்டிக்கொண்டால் பூச்சு மங்கலாகவும் மெத்தென்றும் நிற்கும். நீர்க்க வேண்டுமானால் கலக்கும் முன் ரெசின் புட்டியை வெந்நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். வேலை நேரம் குறையும், அதற்குத் தயாராக இருங்கள்.

#19 தச்சுப்பட்டறை

அசிட்டோனில் எனக்கு மாற்றுக் கருத்து. அடிப்பூச்சுக்கு, மரத்துக்குள் இறங்கட்டும் என்று, நான் பத்து சதவீதம் வரை கலப்பதுண்டு, ஒரு நாள் ஆறவிட்டுத்தான் அடுத்தது. மேல்பூச்சில் கலக்க மாட்டேன், அதில் அக்காவோடு உடன்பாடு.

பைன் மரத்தில் குமிழி வருவது பெரும்பாலும் கலக்கியதால் இல்லை, மரம் மூச்சு விடுவதால். வெயில் ஏறுகிற நேரத்தில் பூசினால் மரத்துக்குள் காற்று விரிந்து ஒரே இடத்தில் குமிழி குமிழியாக வரும், எத்தனை முறை உடைத்தாலும் திரும்ப வரும். சூடு இறங்குகிற நேரத்தில் பூசுங்கள். பெயின்டுக்கு முன்னாலேயே சாண்டிங் சீலரோ மெல்லிய எபாக்சியோ ஒரு கை கொடுத்து மரத்தின் வாயை அடைத்துவிடுங்கள். கம்பி வெளியே வருகிற துளையை விட்டுவிடாதீர்கள். கடலில் லூர் சாவது அந்தத் துளையில்தான். தண்ணீர் உள்ளே போய், மரம் ஊதி, எவ்வளவு அழகாகப் பூசினாலும் வெடித்துவிடும். சீலா மீன் கடித்த ஓட்டையும் அப்படியே, அன்றைக்கே காயவைத்து அடைக்க வேண்டும்.

ராபாலா லூர் தெரியுமல்லவா? பின்லாந்துக்காரர் லௌரி ராபாலா 1936-இல் முதல் லூரைத் தக்கையில் செதுக்கினார். பளபளப்புக்குச் சாக்லேட் சுற்றிய தாள், மேலே உருக்கிய புகைப்பட நெகட்டிவ். எபாக்சி இல்லாத காலத்துப் புலம்பல்கள் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

#20 விரால்வேட்டை

இவ்வளவு பாடு எதற்கு, கார் பட்டறையில் அடிக்கிற டூ-கே கிளியர் (ஹார்டனர் கலந்து தெளிக்கிற நிறமில்லாப் பூச்சு) அடித்துவிட்டால்?

#21 தச்சுப்பட்டறை

அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட், மூச்சில் போனால் ஆபத்து. காற்று செலுத்தும் முகக்கவசமும் தனித் தெளிப்பறையும் இல்லாமல் வீட்டில் தெளிக்கிற பொருள் இல்லை அது. எபாக்சியும் சாது இல்லை. கையில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒரு நாள் ஒவ்வாமை பிடிக்கும், பிடித்தால் விடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் அதனாலேயே இந்த வேலையை விட்டார். நைட்ரைல் கையுறை போடுங்கள், பவுடர் இல்லாதது. பவுடரும் மீன்கண் தரும். கையில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள், அது இன்னும் உள்ளே கொண்டுபோகும். சோப்புத் தண்ணீர் போதும். தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி மூக்குக்கு வராது.

#22 முகத்துவாரம்

பழைய பன்னிரண்டையும் காப்பாற்ற முடியுமா? பெயின்ட் வேலைக்கே மூன்று வாரம் போனது.

#23 கோவை ரெசின்

ஒன்பது பிழைக்கும். சோப்புத் தண்ணீர்க் குளியல், காய்ந்ததும் டர்பன்டைன், பிறகு 400 எண் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்). பளபளப்பு முழுக்கப் போய் ஒரே சீராக மங்கும் வரை, பெயின்ட் தெரியும் முன் நிறுத்துங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் முதலில் பல்குச்சி நுனியால் அதை மட்டும் நிரப்பி, இறுகியதும் தேய்த்துவிட்டு முழுப் பூச்சு. மெத்தென்று இருக்கும் பூச்சை இரண்டு நாள் மொட்டை மாடிச் சூட்டில் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் இறுகும். அடுத்த தடவை ஒட்டுப்பசை நிலையிலேயே, அதாவது விரல் தடம் விழும் ஆனால் விரலோடு வராது என்கிற நேரத்தில், இரண்டாம் பூச்சு போட்டுவிட்டால் தேய்க்கிற வேலையே மிச்சம்.

அந்த மூன்று? திரவமாக ஒட்டுவதன் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. சுரண்டி, ஆல்கஹாலில் துடைத்து எடுங்கள். கூடவே பெயின்டும் போகும். மன்னிக்கவும்.

#24 முகத்துவாரம்

எட்டு நாள் கழித்து வருகிறேன். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சக்கரம் கழுவி, புதுத் தூரிகை, கையுறை. அதே பால்கனி, அதே ராத்திரி, அதே ஏசி அறை. மீன்கண் போய்விட்டது, பூப்பு அப்படியே வந்தது. அடுத்ததற்கு லூரையும் ரெசினையும் மூன்று மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட்டு, சிரிஞ்சில் அளந்து, பல்புப் பெட்டிக்குள் சுற்றவிட்டேன். காலையில் பார்த்தால் மேலே ஒன்றும் இல்லை. நகத் தடமும் விழவில்லை. பூப்புக்கு ஏசி காரணமா, விகிதம் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, அந்த இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டேன், பொறுமை இல்லை.

மூன்றாவது நாள் இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. சக்கரம் நின்று, நான்கு லூரின் எபாக்சியும் வயிற்றில் இறங்கிக் கட்டியாகத் தொங்குகிறது. இதற்கு என்ன மருந்து?

#25 சிங்கைத் தூண்டில்

வயிற்றில் கனம் கூடினால் சில லூர் நன்றாகவே நீந்தும். தேய்க்கும் முன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

#26 தச்சுப்பட்டறை

ஐந்து வோல்ட் மோட்டார் ஒன்றை போன் சார்ஜ் பண்ணுகிற பவர் பேங்கில் இணைத்துவிடுங்கள். ஆறு மணி நேரம் தாங்கினால் போதும், அதற்குள் ஜெல்லியாகிவிடும். பவர் பேங்க் சிலது மின்சாரம் குறைவாக இழுத்தால் தானே அணைந்துவிடும், முதல் ராத்திரி பக்கத்தில் இருந்து பாருங்கள்.

#27 முகத்துவாரம்

தண்ணீரில் போட்டேன். நான்கில் ஒன்று முன்பைவிட நன்றாக ஆடுகிறது. இன்னொன்று மல்லாந்து மிதக்கிறது. ஆடுகிறதை ஞாயிறு பழவேற்காட்டுக்குக் கொண்டுபோகிறேன், உள்ளே ஒரு கொசு மாட்டியிருக்கிறது, அதையும் சேர்த்து.